விதியல்ல, தாமதம்!

குழந்தை தன் நோயைச் சொல்லாது. தலை வலிக்கிறது என்று சொல்ல அதற்குத் தெரியாது. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லவும் தெரியாது. பிறந்து பத்து நாளான பச்சிளங் குழந்தைக்கோ அழுகை ஒன்றே மொழி. நோய் முற்றும்போது அந்த ஒரு மொழியும் ஒடுங்கிப்போகிறது. "குழந்தை சமர்த்தாகத் தூங்குகிறது, தொந்தரவே இல்லை" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் அதே நேரத்தில் அதன் இரத்தத்தில் கிருமி பரவிக்கொண்டிருக்கக்கூடும். மறுநாள் பொழுது விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுவதும் உண்டு. பிறகு என்ன சொல்லுகிறார்கள்? "நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான்" என்கிறார்கள். "தலையெழுத்து" என்கிறார்கள். தாயின் கண்ணீரைத் துடைப்பதற்கு அந்தச் சொல் பயன்படலாம். அடுத்த குழந்தையைக் காப்பாற்ற அது பயன்படுமா?

நாம் கேட்கிறோம்: அந்தக் குழந்தையின் நெற்றியில் எழுதியது யார்? முதல் நாள் மாலையில் அது பாலை மறுத்ததே, அதைப் பார்த்தவர் யாருமில்லையா? இரவு பத்து மணிக்கு அதன் பாதம் சில்லிட்டிருந்ததே, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவர் யார்? அந்த ஒரு இரவுக்குத்தான் விதி என்று பெயர் சூட்டுகிறோம். அதன் உண்மைப் பெயர் தாமதம்.

இது எங்கோ எப்போதோ நடக்கும் செய்தியன்று. 2022 ஆம் ஆண்டில் மட்டும் பிறந்து 28 நாள் நிரம்புமுன் இறந்த குழந்தைகளின் தொகை உலக முழுவதும் சுமார் 23 லட்சம் என்று ஐக்கிய நாடுகள் அவையின் நிறுவனங்கள் கணக்கிட்டன. நாள் ஒன்றுக்கு ஆறாயிரத்துக்கும் மேல்! குறைமாதப் பிறப்பு, பிரசவத்தின்போது நேரும் மூச்சுத்திணறல், பிறவிக் குறைபாடு, இவற்றோடு கிருமித் தொற்றும் சேர்ந்து இந்தக் கொடுமையைச் செய்கின்றன. இவற்றுள் கிருமித் தொற்றைப் பற்றித்தான் இன்று நாம் பேச விரும்புகிறோம். ஏனென்றால், கண்டுபிடிப்பதற்குக் கண்ணும் கருத்தும் போதும். குணப்படுத்துவதற்கு மருந்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது நேரம் ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு வேகம்?

"பெரியவர்களுக்கும்தான் காய்ச்சல் வருகிறது, நாலு நாள் கிடந்து எழுந்துவிடுகிறார்களே?" என்று சிலர் கேட்கலாம். பெரியவரின் உடல் பல போர்களைக் கண்ட கோட்டை. கிருமி எந்த வாசலில் நுழைந்தாலும் அங்கேயே மடக்கிப் பிடிக்கப் பழகிய காவலர்கள் அதில் இருக்கிறார்கள். பச்சிளங் குழந்தையின் உடலோ நேற்றுக் கட்டிய வீடு, கதவு பொருத்தியாகவில்லை. தாயின் இரத்தத்திலிருந்து குழந்தைக்குச் செல்லும் எதிர்ப்புச் சக்தியின் பெரும்பங்கு கருவின் கடைசி வாரங்களில்தான் போய்ச் சேருகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனமும் முழுமையாகக் கிடைப்பதில்லை. தோல் மெல்லியது. அறுத்த தொப்புள்கொடியோ ஆறாத புண். தொப்புளில் தொடங்கிய தொற்று இரத்தத்தில் கலக்கிறது; அங்கிருந்து நுரையீரலுக்குப் போகிறது; மூளையைச் சூழ்ந்த சவ்வுக்கும் போய்விடுகிறது. இரத்தத்தில் கிருமி பரவிய இந்த நிலையைத்தான் மருத்துவர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள்.

பிறந்த முதல் மூன்று நாளுக்குள் வரும் தொற்று பெரும்பாலும் பிரசவத்தை ஒட்டி வருவது. தாய்க்குக் காய்ச்சல் இருந்தாலும், பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிரசவமானாலும் அந்த ஆபத்து அதிகம். அதற்குப் பிறகு வருவது, குழந்தையைத் தொடும் கையிலிருந்தும், கிடத்தும் துணியிலிருந்தும், மருத்துவமனைக் கருவியிலிருந்தும் வருவது. எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு இரண்டு வகையிலும் அபாயம் கூடுதல்.

"எங்கள் ஊரில் இப்போது வீட்டில் யார் பிரசவம் பார்க்கிறார்கள்? எல்லாம் ஆஸ்பத்திரியில்தானே!" என்று தமிழ்நாட்டு வாசகர் கேட்பார். உண்மை. 2019-21 ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2020 ஆம் ஆண்டுக் கணக்கில் ஆயிரம் குழந்தைகளுக்கு 28 நாளுக்குள் இறப்பவர் இந்தியா முழுவதற்கும் 20 ஆக இருந்தபோது தமிழ்நாட்டில் 9 ஆக இருந்தது. பெருமைப்படத்தக்க செய்தி. ஆனால் பிரசவம் ஆன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தாயும் சேயும் வீடு திரும்பிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் இருபத்து நாலு நாளும் குழந்தை யார் கண்காணிப்பில் இருக்கிறது? வீட்டாரின் கண்காணிப்பில்தான். ஆகவே, மருத்துவமனை எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், குழந்தைக்கு முதல் டாக்டர் வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

அந்த டாக்டருக்கு என்ன படிப்பு வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை சொன்ன ஒரு காட்டு மாவட்டம் உண்டு.

கட்சிரோலி காட்டிய வழி

மகாராஷ்டிர மாநிலத்தின் கிழக்கு மூலையில் இருக்கிறது கட்சிரோலி. காடு சூழ்ந்த பகுதி. பழங்குடி மக்கள் மிகுந்த பகுதி. மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்படும் ஊர்கள் பல. 1980-களின் நடுவில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதியர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றவர்கள் அவர்கள். பெரிய நகரத்தில் பெரிய மருத்துவமனை கட்டியிருக்கலாம், கட்டவில்லை. குழந்தைகள் ஏன் இறக்கிறார்கள் என்று கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்தார்கள்.

முதலில் அவர்கள் எடுத்துக்கொண்டது நிமோனியா. மூச்சு வேகமாக ஓடினால் நிமோனியா என்று கண்டுகொள்ளலாம். ஆனால் அறுபது வரை எண்ணத் தெரியாத மருத்துவச்சி மூச்சை எப்படி எண்ணுவாள்? ஒரு சட்டத்தில் மணிகளைக் கோத்தார்கள். பக்கத்தில் ஒரு நிமிடத்தில் மணல் இறங்கி முடியும் கண்ணாடிக் கடிகை ஒன்றை வைத்தார்கள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் தீருவதற்குமுன் சிவப்பு மணி வரை வந்துவிட்டால் குழந்தைக்கு நிமோனியா, மருந்து கொடு! பத்து வரை எண்ணத் தெரிந்தால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணின் கையில் விஞ்ஞானம் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

பிறகு பச்சிளங் குழந்தைகள். 1993 முதல் 1998 வரை நடந்தது அந்தச் சோதனை. 39 கிராமங்களை எடுத்துக்கொண்டு, ஒப்பிட்டுப் பார்க்க 47 கிராமங்களைத் தனியே வைத்தார்கள். ஐந்து முதல் பத்து வகுப்பு வரை படித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தார்கள். குழந்தையை எடைபோடவும், உடற்சூடு பார்க்கவும், வெதுவெதுப்பாக வைக்கவும், தாய்ப்பால் ஊட்ட உதவவும், கடைசியாக, கிருமித் தொற்றைக் கண்டு மருந்து கொடுக்கவும், ஊசி போடவும் கற்றார்கள் அந்தப் பெண்கள்.

நோயைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொடுத்த அளவுகோல் என்ன தெரியுமா? இரத்தப் பரிசோதனையன்று; எக்ஸ்ரேயும் அன்று. நன்றாக அழுதுகொண்டிருந்த குழந்தையின் அழுகை ஈனமாகிவிட்டதா, நின்றேவிட்டதா? நன்றாகப் பால் குடித்த குழந்தை குடிப்பதைக் குறைத்துவிட்டதா? சுறுசுறுப்பாக இருந்த குழந்தை மயங்கிக் கிடக்கிறதா? கைகால் துவண்டுவிட்டதா? உடல் சுடுகிறதா, அல்லது தொட்டால் சில்லென்று இருக்கிறதா? தொப்புளிலோ தோலிலோ சீழ் இருக்கிறதா? வயிறு உப்பியிருக்கிறதா? இப்படிப்பட்ட அறிகுறிகளில் இரண்டு சேர்ந்து தோன்றினால் தொற்று என்று கொள். இவ்வளவுதான். 'நேற்று இருந்த குழந்தை இன்று இல்லை' என்று உணரும் தாயின் சொல், அங்கே மருத்துவச் சாட்சியாக ஏற்கப்பட்டது.

மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள் முதலில். போக இயலாது, போக மாட்டோம் என்று பெற்றோர் கூறினால், அவர்கள் சம்மதத்தின் மேல் வீட்டிலேயே மருந்து. வாயால் கொடுக்கும் மருந்து ஒன்று. ஜென்டாமைசின் ஊசி ஒன்று.

பயன்? அந்தக் கிராமங்களில் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த பச்சிளங் குழந்தை மரணம், மூன்றாம் ஆண்டில் சுமார் 25 ஆக இறங்கியது. ஒப்பீட்டுக் கிராமங்களில் அது 60-ஐ ஒட்டியே நின்றது. செப்சிஸ் கண்ட குழந்தைகளில் முன்பு நூற்றுக்குப் பதினாறு பதினேழு பேர் இறந்தார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு நூற்றுக்கு மூவர்கூட இல்லை. 1999 டிசம்பரில் 'லான்செட்' என்ற மருத்துவ ஏடு இதை வெளியிட்டபோது உலகம் திரும்பிப் பார்த்தது.

பிழைத்த அந்தக் குழந்தைகளின் நெற்றியில் எழுதியிருந்த எழுத்தை அழித்தது யார்? எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணும், அவள் கையிலிருந்த ஒரு ஊசியும்!

அதன்பின் வழி அகலமாயிற்று. 2009-இல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெப்பும், பிறந்த குழந்தையை வீட்டிற்கே சென்று பார்க்க வேண்டும் என்று சேர்ந்து அறிவித்தன. 2011-இல் இந்திய அரசு அதை நாடு தழுவிய திட்டமாக்கி, 'ஆஷா' ஊழியர்களிடம் ஒப்படைத்தது. காங்கோ, கென்யா, நைஜீரியா, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் பெரிய சோதனைகள் நடந்தன. அவற்றைக் கொண்டு, மருத்துவமனைக்குப் போக இயலாத குடும்பங்களின் குழந்தைகளுக்கு அருகிலுள்ள நிலையத்திலேயே சிகிச்சை தரும் முறையை 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. காட்டு மாவட்டம் ஒன்று உலகத்துக்குப் பாடம் சொன்னது என்றால் அது மிகையாகாது.

எதைப் பார்க்க வேண்டும்?

பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டிலும் பின்வருவனவற்றை அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, பால். பால் குடிப்பதுதான் அந்தக் குழந்தையின் உழைப்பு. அதை நிறுத்தினால் ஏதோ நடந்திருக்கிறது என்று பொருள். மார்பில் வைத்தும் வாய் திறவாமல் கிடந்தாலும், இரண்டு முறை சப்பிவிட்டுச் சோர்ந்துபோனாலும் அலட்சியம் கூடாது.

இரண்டாவது, அசைவு. தட்டி எழுப்பினால்தான் அசைகிறது, எழுப்பியும் அசையவில்லை என்றால், அது உறக்கமன்று. வலிப்பு கண்டாலும் அப்படியே. பெரியவர்களைப் போலக் கைகாலை உதறித்தான் வலிப்பு வர வேண்டும் என்பதில்லை. கண் ஒரே பக்கம் நிலைகுத்துவதும், உதடு ஓயாமல் துடிப்பதும்கூட வலிப்பாக இருக்கலாம்.

மூன்றாவது, மூச்சு. அமைதியாக இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். பச்சிளங் குழந்தையின் மூச்சு சீராக இராது. இரண்டாம் முறையும் 60-ஐத் தொட்டால் அது ஆபத்து. மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் அடிப்பகுதி ஆழமாக உள்வாங்கினாலும், முனகல் கேட்டாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், புறப்படுங்கள்.

நான்காவது, சூடு. காய்ச்சல் இருந்தால்தான் நோய் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. பச்சிளங் குழந்தைக்கு அது பொருந்தாது. 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல்தான். ஆனால் 35.5-க்குக் கீழே இறங்குவதும் அதே அளவு ஆபத்து. உடலில் போராட வலுவில்லாத குழந்தை சுடுவதில்லை, குளிர்ந்துபோகிறது. "காய்ச்சல் இல்லை, ஜில்லென்று நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி எத்தனை வீடுகள் ஏமாந்தன!

இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே, அந்த நேரமே மருத்துவமனை. பகலா இரவா, செவ்வாயா வெள்ளியா என்று பார்க்க நேரமில்லை. தொப்புளைச் சுற்றிச் சிவந்தாலும், சீழ் வைத்தாலும், தோலில் சீழ்க் கொப்புளம் கண்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

போகும் வழியில் செய்ய வேண்டியது இரண்டு. தாயின் மார்போடு மார்பாக, தோலோடு தோல் படும்படி குழந்தையை அணைத்து, மேலே போர்த்திக்கொள்ள வேண்டும். வழியில் குளிர்ந்துபோவதே பாதி உயிரைக் கொண்டுபோய்விடும். குடிக்க முடிந்தால் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போகலாம். குடிக்க முடியாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இரண்டு மாதம் கடந்த பிள்ளைகளுக்குக் கணக்கு சற்று மாறும். ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50 மூச்சு, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 மூச்சு; இதைத் தொட்டாலோ கடந்தாலோ நிமோனியா என்று ஐயுற வேண்டும். குடிக்கவே முடியாமை, உட்கொண்டதை எல்லாம் கக்குதல், வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் ஆகிய நான்கும் எந்த நோயிலும் அபாயக் கொடிகள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி புடைத்தாலோ மூளையுறைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். உடலில் செந்நிற, ஊதாநிறப் புள்ளிகள் தோன்றினால் கண்ணாடித் தம்ளரை அதன்மேல் அழுத்திப் பாருங்கள். மறையாத புள்ளி ஆபத்தான புள்ளி. ஒரு மணி நேரத்தையும் வீணாக்கக் கூடாது. புள்ளி வரும்வரை காத்திருக்கவும் கூடாது.

பாட்டிக்கு ஒரு சொல்

நம் வீட்டுப் பாட்டிமாரை நாம் பழிக்க வரவில்லை. தாய்க்கு ஓய்வு கொடுத்தவர்கள், இரவெல்லாம் விழித்துக் குழந்தையைத் தூக்கிச் சுமந்தவர்கள் அவர்கள். குழந்தையின் முகம் வாடியதை வீட்டில் முதலில் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் அவர்கள் கண்தான். ஆனால் கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது? "மாந்தம்" என்று உரைமருந்து உரைக்கிறார்கள். "தோஷம்" என்று மந்திரிக்கப் போகிறார்கள். "தொக்கம் எடுக்க வேண்டும்" என்று பத்து மைல் பயணம் செய்கிறார்கள். வலிப்புக் கண்ட பிள்ளைக்குச் சூடு போடும் கொடுமையும் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. இத்தனையும் முடித்துக் கடைசியில் மருத்துவமனை வாசலை மிதிக்கும்போது, ஆறு மணி நேரமோ அறுபது மணி நேரமோ போயிருக்கும். தாயத்தின் கயிறு கழுத்தில் கிடப்பதால் மட்டும் குழந்தை இறப்பதில்லை. அந்தக் கயிற்றை வாங்கப் போன நேரத்தில்தான் இறக்கிறது.

பிறந்தவுடன் 'சேனை தொடுதல்' என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாவில் தடவுவதும் வேண்டாம். அந்த இடம் சீம்பாலுக்கு உரியது. "மஞ்சளாக இருக்கிறது, கெட்ட பால்" என்று பீய்ச்சி எறியும் அந்தச் சீம்பாலில்தான் கிருமியை எதிர்க்கும் பொருள் நிறைந்து கிடக்கிறது. தொப்புளில் எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் வேண்டாம். உலர்ந்து தானே விழ விடுங்கள். குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் ஊதுவதும், எண்ணெய் விடுவதும், தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பதும் வேண்டவே வேண்டாம். வாயிலுள்ள கிருமியைக் குழந்தையின் மூச்சுக் குழலுக்குள் அனுப்ப இதைவிட நேர்வழி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, கை. 1847-இல் வியன்னா நகரத்து மருத்துவமனை ஒன்றில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்க்குமுன் கைகளைக் கிருமிநாசினி நீரில் கழுவ வேண்டும் என்று விதித்தார். அந்த விடுதியில் தாய்மார் கூட்டங் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தது சட்டென்று குறைந்தது. அதற்காக அவருக்குக் கிடைத்தது பாராட்டன்று, ஏளனம்! கனவான்களின் கையில் அழுக்கு இருக்குமா என்று கேட்டார்கள். இன்று குழந்தையைப் பார்க்க வருகிற உறவினரிடம் "கை கழுவிவிட்டுத் தொடுங்கள்" என்றால் முகம் சுளிக்கிறார்களே, அது அந்த வியன்னாக் கனவான்களின் வழிவந்த சுளிப்புதான். சுளித்தால் சுளிக்கட்டும். சோப்பை நீட்டுங்கள்.

அழுக்குக் கத்தியாலும் சாணத்தாலும் வந்த பச்சிளங் குழந்தைகளின் இரணஜன்னி ஒரு காலத்தில் ஊர் ஊராகக் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. கருவுற்ற தாய்க்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம், சுத்தமான தொப்புள் என்ற மூன்றும் சேர்ந்து அதைத் துரத்தின. தாய் சேய் இரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. மூளையுறைக் காய்ச்சலுக்கும் நிமோனியாவுக்கும் காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான தடுப்பு, ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியின் ஒரு பகுதியாக 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் அரசுத் திட்டத்தில் நுழைந்தது. நிமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-இல் நாடு முழுவதும் வந்தது. ஆறாம் வாரத்து ஊசியைத் தள்ளிப்போடுகிறவர் எதைத் தள்ளிப்போடுகிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மருந்து மழுங்கினால்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விரைவாக மருந்து வேண்டும் என்று நாம் கூறுவதைக் கேட்டு, மருந்துக் கடைக்கு ஓடிச் சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் வாங்கி ஊற்றுவது கூடாது. சாதாரணச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அதை இந்த மருந்து தொடாது. தேவையற்ற இடத்தில் வீசும் வாள் தேவையான இடத்தில் மழுங்கிப்போகும். 2011 முதல் 2014 வரை டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பச்சிளங் குழந்தைகளிடம் கண்ட தொற்றுகளை ஆராய்ந்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ. கோலி என்ற கிருமிகளே அங்கே பெரிதும் காணப்பட்டன; அவற்றுள் பல, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காதவை. கட்சிரோலிக் காட்டில் எளிய மருந்துக்குப் பணிந்த நோய், தலைநகரத்து மருத்துவமனையில் விலையுயர்ந்த மருந்துக்கும் பணிய மறுக்கிறது! ஆகவே, மருந்தை முடிவு செய்பவர் மருத்துவராக இருக்கட்டும். அவர் சொன்ன நாள்வரை, நடுவில் குழந்தை சிரித்து விளையாடினாலும் நிறுத்தாமல் கொடுங்கள்.

யார் பொறுப்பு?

பெற்றோர் விழித்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. நள்ளிரவில் குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடி வருகிற தாய்க்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் கதவு திறந்திருக்க வேண்டும். அங்கே விளக்கு எரிய வேண்டும். ஆள் இருக்க வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு ஏற்ற அளவில் மருந்து இருக்க வேண்டும். "காலையில் வா" என்ற சொல்லை அரசு நிலையம் எதிலும் எவரும் உச்சரிக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங் குழந்தைக்கு மருந்தும், பரிசோதனையும், போக்குவரத்தும் இலவசம் என்பது 2011-இல் ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டம் தந்த உரிமை. இது தயவன்று, உரிமை. அதைத் தெரியாததால் வட்டிக்குப் பணம் புரட்டக் கிளம்பி இரவைக் கழிக்கும் தந்தையர் இருந்தால், அந்த அறியாமைக்கு அவர்களா பொறுப்பு? தெரிவிக்க வேண்டியவர்கள் பொறுப்பு.

வீடு வீடாகச் சென்று பார்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும் ஆஷா ஊழியர்களையும் எண்ணிப் பாருங்கள். குழந்தையை எடைபோடுவதை விட்டுவிட்டுப் படிவம் நிரப்புவதிலேயே அவர்கள் பொழுது கழிந்தால் திட்டம் காகிதத்தில்தான் வாழும். கட்சிரோலியில் வென்றது ஊசி மட்டுமன்று. ஊரறிந்த ஒரு பெண், நாள் தவறாமல் வந்து, குழந்தையைத் தொட்டுப் பார்த்தாளே, அதுதான் வென்றது. அப்படி வருவதற்கு அவளுக்கு நேரமும், பயிற்சியும், உரிய ஊதியமும் வேண்டும். இவற்றைக் கேட்பது நமது கடமை. கொடுப்பது ஆட்சியின் கடமை.

படிக்கத் தெரிந்தவர்கள் இதைப் படிக்காதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். குறிப்பாக ஆண்களுக்கு! வண்டி பிடிப்பதும், பணத்தை எடுப்பதும், "போகலாம்" என்று முடிவு சொல்வதும் இன்னும் பல வீடுகளில் ஆண்களின் கையில்தான் இருக்கிறது. "குழந்தை ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று தாய் சொல்லும்போது, "உனக்கு எப்போதும் பயம்தான்" என்று அவர்கள் சிரித்தால், சோதனைக்கூடங்களும் தடுப்பூசிகளும் என்ன செய்துவிட முடியும்? கட்சிரோலி மருத்துவர்கள் மதித்த சாட்சியை, கட்டிய கணவன் மதிக்கக் கூடாதா?

தாய் சொன்னால் நம்புங்கள். பால் மறுத்தால் புறப்படுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.